பெட்டியைக் கட்டினவர்

மார்ச் 4

வீட்டுக்காரருக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது உங்களால் குறுக்கே பேச முடியாது, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. இதை உங்கள் கம்பெனி லாரி டிரைவர் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாரா வாரம் காலி அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டு அங்கே வருகிறாராம். பதிலையும் அவரிடமே கொடுக்கலாம். கொடுக்காமலும் இருக்கலாம், உங்கள் இஷ்டம்.

டிக்கெட் வந்துவிட்டது. ஏப்ரல் இரண்டாம் தேதி காலை விமானம். பெட்டியும் வாங்கிவிட்டேன். சாம்பல் நிறம், புத்தகம் மாதிரி நடுவில் திறக்கிறது. கூடத்தில் நடுவாக விரித்துப் போட்டிருக்கிறேன், நடக்கவே இடம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அடுக்குகிறேன். அடுக்கி முடித்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றி எல்லாவற்றையும் வெளியே எடுக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு மனுஷிக்கு என்னதான் வேண்டும்? எத்தனை ஸ்வெட்டர், எத்தனை சோப்பு? அங்கேயும் கடை இருக்கிறது, கடையில் எல்லாம் கிடைக்கும் என்று புத்தி சொல்கிறது. கை கேட்கமாட்டேன் என்கிறது. நேற்று துணி காயப்போடும் கிளிப்புகளைக்கூட உள்ளே வைத்துவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்து எடுத்து வெளியே போட்டேன்.

ஊரார் வீட்டுச் சாமானை எல்லாம் கட்டி லாரி ஏற்றுவது உங்கள் பிழைப்பு. சொந்தப் பெண்டாட்டியின் ஒற்றைப் பெட்டியைக் கட்ட ஆள் இல்லை. "ஏன் சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் அந்த வேலைதானே பார்க்கறார்?" என்று எங்கள் ஆபரேஷன் தியேட்டர் ஆயாம்மா ஆரம்பிக்கிறார். நான் கத்தரிக்கோல்களை எண்ணுகிற சாக்கில் திரும்பிக்கொள்கிறேன்.

வாண்டு தினமும் ஒரு கேள்வி கேட்கிறாள். "அம்மா போறப்ப அப்பா வந்துடுவாருல்ல?" கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இதோ கேட்கிறேன். ஏப்ரல் இரண்டுக்குள் நீங்கள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். வரமாட்டீர்கள் என்றால் அவள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும், பள்ளிக்கூடமும் மாற வேண்டும். எட்டு வயசுப் பிள்ளைக்கு எது என்று முன்னாடியே தெரியவேண்டாமா? ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெட்டியும் கையுமாக இருப்பவள்


மார்ச் 8

மதிப்புக்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

இங்கே ஒரு கல்லூரியின் ஆய்வகத்தை அப்படியே வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறோம். எல்லாம் கண்ணாடிச் சாமான். குடுவை, குழாய், புனல். தும்மினால்கூட மேஸ்திரி முறைக்கிறார். ஏப்ரல் பாதி வரைக்கும் வேலை இருக்கும் போலிருக்கிறது.

நடுவில் திறக்கிற பெட்டியை வாங்கினது தப்பு. என்னைக் கேட்டிருக்கலாம். சரி, வாங்கியாயிற்று. கனமான சாமானைச் சக்கரத்துப் பக்கம் வை. துணியை மடிக்காதே, சுருட்டு. ஷூவுக்குள் சாக்ஸ். குக்கருக்குள் டப்பா, டப்பாவுக்குள் கரண்டி. எங்கேயும் காலி இடம் இருக்கக் கூடாது. சாமான் அடிபட்டு உடைவதைவிட நகர்ந்து உடைவதுதான் அதிகம். மூடினதும் நிமிர்த்தி வைத்துக் குலுக்கிப் பார். உள்ளே சத்தம் கேட்டால் திறந்து மறுபடி அடை.

நீ நம் ஜோடி வெள்ளைப் பீங்கான் தட்டை விட்டுவிட்டுப் போகமாட்டாய் என்று தெரியும். ஒன்றை மட்டும் வைக்காதே. ஒற்றைத் தட்டு உடையும். இரண்டை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் காகிதம் கொடுத்துச் சுற்றினால்தான் தாங்கும். எத்தனையோ வீட்டில் பார்த்தது.

இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கொள். பூட்டு இரண்டு. சின்னச் சுத்தியல் ஒன்று. புது இடத்துக்குப் போய் ஆணி அடிக்காமல் யாரும் இருந்ததில்லை.

வாண்டுவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
மூட்டை கட்டுபவன்


மார்ச் 11

வீட்டுக்காரருக்கு,

குக்கருக்குள் என்ன வைக்கலாம் என்று அத்தனை வரி எழுதத் தெரிந்தது. நான் கேட்ட கேள்விக்கு ஒரு வரி எழுத வரவில்லை.

டிரைவர் அண்ணன் வாய் சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியாதா? "கண்ணாடி வேலைக்கு யாருமே போகமாட்டேன்னாங்கம்மா. இவரா மேனேஜர்கிட்டப் போய்க் கேட்டு வாங்கிட்டார்," என்றார். எந்தத் தேதியில் என்றும் கேட்டுவிட்டேன். நான் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள். சரி, தெரிந்துகொண்டேன்.

என் மேல் உங்களுக்கு என்ன கோபம் என்றும் தெரியும். "சம்பளத்துக்காகத்தானே போற?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் பெருமூச்சு விட்டுவிட்டு நீங்களே வந்து பெட்டி கட்டியிருப்பீர்கள். "இல்லீங்க, எனக்கே போகணும்னு இருக்கு" என்றேன். அதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை. பதினாலு வருஷமாக ஒரே தியேட்டர், ஒரே டாக்டர், ஒரே திட்டு. தீக்காயத்துக்குத் தோல் வைக்கும் பிரிவு அந்த ஆஸ்பத்திரியில் தனியாக ஒரு கட்டடம் நிறைய இருக்கிறதாம். அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்றே சொல்கிறேன். வேறு பெயர் வைத்து மறைக்கப் போவதில்லை.

நீங்கள் சொன்னபடியே கட்டினேன். சுருட்டினேன், அடைத்தேன், நிமிர்த்திக் குலுக்கினேன். கடகடவென்று சத்தம். திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. மறுபடி அடைத்துக் குலுக்கினால் மறுபடி சத்தம். கடைசியில் ஸ்வெட்டர் கைக்குள்ளிருந்து என் பொத்தான் டப்பா வந்தது. வாண்டுதான் வைத்திருக்கிறாள். ஏன்டி என்றால், "சத்தம் வந்தா நீ திறப்பேல்ல? அப்ப கட்டியே முடிக்க மாட்டே. முடிக்கலேன்னா போக முடியாதுல்ல," என்கிறாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது. அவளைத் திட்ட வாயெடுத்துவிட்டு, உட்கார்ந்து அழுதேன்.

ஓரத்தில் நீளமாக ஒரு சந்து மிச்சம் இருந்தது. நம் போட்டோ ஆல்பம் அதில் அளவெடுத்த மாதிரி நுழைந்துகொண்டது. இப்போது சத்தம் இல்லை.

கேள்வி அப்படியே நிற்கிறது. வருவீர்களா?


மார்ச் 15

ஆல்பத்தை எதற்கு உள்ளே வைத்தாய்?

நான் இருபது வருஷமாகச் சாமான் கட்டுகிறேன். வெளிநாடு போகிறவர்கள் வீடு எத்தனை பார்த்திருப்பேன். எல்லாரும் "ரெண்டே வருஷம்தாங்க, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவோம்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று பெட்டியைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். திரும்பி வருகிறவர்கள் துணியும் மருந்தும் எடுப்பார்கள். ஆல்பத்தை எடுத்துப்போன யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் மிச்சம் இருப்பதை யாரோ ஒரு மச்சான் வந்து விற்றுவிட்டுப் போவார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன். எதிரே நின்று சொல்ல முடியாமல்தான் இங்கே குடுவைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். நீ போக ஆசைப்படுகிறாய். ஆசைப்பட்டுப் போகிறவர்களுக்குத் திரும்பி வர என்ன அவசரம்?

என்னை வந்து பெட்டி கட்டச் சொல்கிறாய். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு, நீயும் கேள்விப்பட்டிருக்கிறாய். கட்டினவர்தான் பிரிக்க வேண்டும். எதன் மேல் எது இருக்கிறது என்று கட்டின கைக்குத்தான் தெரியும். வேறு ஆள் பிரித்து உடைந்தால் நாங்கள் பொறுப்பு இல்லை. உன் பெட்டியைப் பிரிக்க அங்கே நான் வரப்போவது இல்லை. அதனால் இங்கே கட்டவும் நான் வரவில்லை.


மார்ச் 18

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று படித்தேன். ஆயாம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. யாரோ ஒருத்தர் வீட்டு ஆல்பத்தைப் பார்த்த கண்ணால் என் பெட்டியைப் பார்க்காதீர்கள். எங்கேயும் காலி இடம் இருக்கக் கூடாது என்று எழுதினது யார்? அந்த இடைவெளியை அடைக்க வேறு எதுவும் கைக்குச் சிக்கவில்லை, அதை வைத்தேன். அவ்வளவுதான். இப்போது எடுத்து டிவி மேல் வைத்துவிட்டேன், போதுமா?

உங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தால் எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. ஆபரேஷன் தொடங்கும் முன் பஞ்சு, துணி, கத்தரி எல்லாவற்றையும் நான் எண்ணுவேன். தைப்பதற்கு முன் மறுபடி எண்ணுவேன். உள்ளே போனது எல்லாம் வெளியே வந்தால்தான் தையல். கணக்கு உதைத்தால் எவ்வளவு பெரிய டாக்டரானாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். என் வேலையே அது. நான் போனால் திரும்பி வருவேன் என்று சொன்னால், அந்த வாயை நம்புங்கள்.

எனக்கு மட்டும் பயம் இல்லை என்று நினைக்கிறீர்களா? இரண்டு வருஷத்தில் வாண்டு உயரமாகிவிடுவாள். நான் தொட்டுத் தலைபின்னினால் விலகிக்கொள்வாளோ என்னவோ. நீங்கள் பேசாமலே பழகிவிடுவீர்கள். அப்படியும் போகவேண்டும் என்றுதான் இருக்கிறது. என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

நேற்று உங்கள் அக்கா வந்திருந்தார். பாவம், அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அங்கே பள்ளிக்கூடத்தில் வாண்டுவுக்கு இடம் கேட்டுவிட்டாராம். "தம்பி பதிலே சொல்ல மாட்டேங்கறான். பிள்ளையை நடுத்தெருவிலயா விடறது?" என்றார். சீருடைக்கு அளவு எடுத்தார். வாண்டு கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

அவர் போனதும் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக் கட்டில் மேல் கொட்டிவிட்டேன். காலிப் பெட்டி கூடத்தில் திறந்து கிடக்கிறது. இனி அதில் ஒரு கைக்குட்டைகூட நான் வைக்கமாட்டேன். நீங்கள் வந்து கட்டினால் பெட்டி என்னோடு வரும். வராவிட்டால் நான் கைப்பையோடு கிளம்புவேன். அங்கே போய் உடுப்பு இல்லை என்று ஆஸ்பத்திரிச் சீருடையிலேயே தூங்கி எழுந்தாலும் சரி.

வாண்டு அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் இப்போது வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.


மார்ச் 22

வாண்டு அம்மாவுக்கு,

அடுத்த வாரம் லாரி இங்கிருந்து காலியாகத் திரும்புகிறது. மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன். முறைத்தார். வேறு ஆள் பிடித்துக் கொடுத்தால் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆளைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

தட்டு இரண்டையும் கழுவித் துடைத்து வை. பழைய செய்தித்தாள் வேண்டும். வழவழப்பான தாள் வேண்டாம், அது வழுக்கும்.

அக்காவிடம் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.


ஏப்ரல் 5

வீட்டுக்காரருக்கு,

வந்து சேர்ந்தது போனில் சொல்லிவிட்டேன். ஆனால் போனை வாண்டுதான் பிடித்துக்கொள்கிறாள், நீங்கள் பின்னால் நின்று "சாப்பிட்டாளான்னு கேளு" என்கிறீர்கள். நமக்குக் காகிதம்தான் சரிப்படுகிறது. எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே அனுப்புங்கள், வாண்டுவுக்குப் படம் எடுக்கத் தெரியும்.

அறை ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே இருக்கிறது. இரண்டு கட்டில், இரண்டு அலமாரி. இன்னொரு கட்டிலுக்கு ஆள் வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், ஓயாமல் மெஷின் சத்தம். குழாயில் முதலில் சூடாக வருகிறது, பிறகு பச்சைத் தண்ணீர், பிறகு மறுபடி சூடு. வேலை நான் நினைத்ததைவிடப் பெரிசு. முதல் நாளே ஒரு ஆபரேஷனில் நிற்கவிட்டார்கள். முடிவில் எண்ணிப் பார்த்தேன், கணக்கு உதைக்கவில்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அறைக்கு ஓடி வந்தேன். வந்து பார்த்தால் எதிர்க் கட்டில்தான் இருக்கிறது.

பெட்டியை நான் இன்னும் திறக்கவில்லை. சிரிக்காதீர்கள். கைப்பையில் இருந்த உடுப்பையும் ஆஸ்பத்திரிச் சீருடையையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கட்டினவர்தான் பிரிக்க வேண்டும் என்று சொன்னது நீங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து அவ்வளவு பதவிசாக நீங்கள் கட்டினதை நான் எப்படிக் கலைப்பேன்? அதைத் திறந்து அலமாரியில் அடுக்கிவிட்டால் இங்கே குடிவந்துவிட்டதாக ஆகிவிடும். திறக்காத வரைக்கும், எந்த நிமிஷமும் தூக்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று ஒரு எண்ணம். ஆசைப்பட்டு வந்தவளுக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. அறைக்குள் இங்கும் அங்குமாக நடக்கிறேன், நடக்கும்போதெல்லாம் பெட்டியில் கால் இடறுகிறது.

விமான நிலையத்தில் நடந்ததைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றுவதாக வாண்டுவிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

ஒன்று மட்டும். பெட்டியை நகர்த்தினால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கிறது.


ஏப்ரல் 7

சிஸ்டர்,

முதலில் பெட்டியைத் திற. அந்தக் குளிரில் மெல்லிய உடுப்போடு திரிந்து ஜுரம் வந்து படுத்தால் உன்னை யார் பார்ப்பது?

மானம் போனது போனதுதான், நானே எழுதுகிறேன். இருபது வருஷமாக எனக்கு இடம் தெரியும், எடை தெரியாது. லாரிக்காரர் எந்தக் காலத்தில் எடை கேட்டிருக்கிறார்? சந்து சந்தாக அடைத்துக்கொண்டே போனேன். விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் பெட்டியைத் தராசில் ஏற்றிவிட்டு "ஆறு கிலோ ஜாஸ்தி சார்" என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் கண் முன்னால், என் கையாலேயே எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். சுத்தியலைப் பார்த்ததும் பின்னால் நின்றவர் "வீடு கட்டப் போறாங்களா?" என்று கேட்டார். உன் மகள், "அப்பா, குலுக்கிப் பாருப்பா" என்றாள். அதற்கப்புறம் நீயும் அவளும் கைக்குக் கிடைத்ததை எல்லாம் உள்ளே திணித்தீர்கள், நீ மேலே உட்கார்ந்தாய், அவள் ஜிப்பை இழுத்தாள். என்னைப் பக்கத்திலேயே விடவில்லை.

ஆக, நான் கட்டினதை நான் அங்கேயே பிரித்தாயிற்று. உன்னோடு வந்தது நீ கட்டின பெட்டி. வழக்கப்படி நீதான் பிரிக்க வேண்டும். சத்தம் வருகிறது என்றால் அது என் வேலை இல்லை என்று அதிலிருந்தே தெரியவில்லையா?

வீட்டுக்கு வந்து, அங்கே மிச்சமானதை அள்ளிவந்த பையைக் கொட்டினேன். இஸ்திரிப் பெட்டி, சுத்தியல், பூட்டு, குக்கர். அதோடு வெள்ளைத் தட்டு ஒன்று. அதை எப்போது எடுத்தாய்? இரண்டையும் சேர்த்து அத்தனை பக்குவமாகச் சுற்றியிருந்தேன். ஒன்றைத் தனியாக அனுப்பிவிட்டாய், உடைந்திருக்கும். பார்த்து, கையுறை போட்டுக்கொண்டு பிரி. உன் கைதான் உன் பிழைப்பு. அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சமையலறையில் நின்றேன். வாண்டு வந்து "பசிக்குதாப்பா?" என்று கேட்டாள்.

கண்ணாடி வேலைக்கு நான் திரும்பப் போகவில்லை. உள்ளூர் வேலைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். தலைபின்னக் கற்றுக்கொண்டிருக்கிறேன், கோணலாக வருகிறது. சுற்றிக் கயிறு கட்டட்டுமா என்று கேட்டால் வாண்டு முறைக்கிறாள்.

என் கைப்பையில் வைத்திருந்த நீலக் கம்பெனிச் சட்டையையும் காணோம். எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. மேனேஜர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.


ஏப்ரல் 8

வீட்டுக்காரருக்கு,

திறந்துவிட்டேன்.

சத்தம் போட்டது பொத்தான் டப்பா. நான் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த நேரத்தில் உங்கள் மகள் எப்படியோ உள்ளே தள்ளியிருக்கிறாள். சத்தம் வந்தால் அம்மா திறப்பாள் என்று அவள் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. திறந்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன் என்றும் சொல்லுங்கள். துணி எல்லாம் அலமாரியில் ஏறிவிட்டது. எதிர்க் கட்டிலுக்கும் ஆள் வந்துவிட்டார், மருந்தகத்தில் வேலை. குறட்டை விடுகிறார்.

தட்டு உடையவில்லை. சின்னக் கீறல்கூட இல்லை. ஒற்றைத் தட்டு உடையும் என்றீர்களே, செய்தித்தாளில் சுற்றினால் உடையும். நான் உங்கள் நீலச் சட்டையில் சுற்றி வைத்திருந்தேன். நீங்கள் பின்னால் நின்றவருக்குச் சுத்தியலைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது உங்கள் பையிலிருந்து எடுத்தேன். அழுக்குச் சட்டை, அட்டைப்பெட்டி வாசனை அடிக்கிறது. நான் துவைக்கவில்லை.

அதைத் திருப்பி அனுப்பமாட்டேன். மேனேஜரிடம் புதுசு கேளுங்கள். இரண்டு வருஷம் கழித்து இந்தத் தட்டை நான் எதில் சுற்றிக் கொண்டுவருவது?

அங்கே இருக்கிற தட்டை எடுத்துப் பரண் மேல் வைத்துவிடாதீர்கள். அதிலேயே சாப்பிடுங்கள். வாண்டு கையில் மட்டும் கொடுக்க வேண்டாம், உடைத்துவிடுவாள்.